டெபியனிலும் உபுண்டுவிலும் மென்பொருள் நிறுவ, புதுப்பிக்க, நீக்க: ஆப்ட் முழு வழிகாட்டி

விண்டோஸில் பழகிய கை, லினக்ஸுக்கு வந்ததும் முதலில் தேடுவது டவுன்லோட் பொத்தானைத்தான். டெபியனிலும் உபுண்டுவிலும் அது கடைசி வழி. கணினியில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது, எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள் பொதிதான் பேக்கேஜ்), எதற்கு எது தேவை என்ற கணக்கையெல்லாம் டிபிகேஜி என்ற கருவி ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. ஆப்ட் என்ற கருவி வழியாக அந்தக் கணக்குக்குள் வந்த மென்பொருளைப் புதுப்பிப்பதும் நீக்குவதும் ஒரு வரி வேலை. கணக்கில் வராமல் உள்ளே நுழைந்தவைதான் ஆறு மாதம் கழித்துத் தலைவலி தருகின்றன. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே இந்தப் பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருப்பதற்கான வழிகள்தான்.

உதாரணத்துக்கு டெஸராக்ட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அச்சுப் பக்கத்தின் படத்தைக் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும் ஓசிஆர் கருவி இது. தமிழுக்கான தரவு தனிப் பேக்கேஜாகவே களஞ்சியத்தில், அதாவது டெபியனும் உபுண்டுவும் இணையத்தில் வைத்திருக்கும் பேக்கேஜ் கிடங்கில், கிடைக்கிறது. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் படிக்கும்போதே செய்தும் பார்க்கலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில், நான் வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

## டிபிகேஜி வேறு, ஆப்ட் வேறு

டெபியனை இயன் மர்டாக் 1993-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே டிபிகேஜி வந்துவிட்டது. அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் எழுதியவர் இயன் ஜாக்சன். பேக்கேஜ் அடங்கிய டெப் கோப்பை நாம் கையில் கொடுத்தால் அதைப் பிரித்து, உள்ளே இருப்பவற்றை அதனதன் இடத்தில் வைத்து, பதிவேட்டில் எழுதுவது டிபிகேஜியின் வேலை. ‘இதற்கு இன்னொரு லைப்ரரி வேண்டும், அது இல்லை’ என்று அது சொல்லும். ஆனால் அதைப் போய் எடுத்து வராது. எடுத்து வருகிற வேலை ஆப்டுடையது. ஆப்ட் 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்தது. களஞ்சியத்தில் தேடி, சார்புகளை, அதாவது ஒன்று இயங்கத் தேவைப்படும் மற்றப் பேக்கேஜ்களை, கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் இறக்கி, கடைசியில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கிறது.

பழைய குறிப்புகளில் ‘ஆப்ட்-கெட்’ என்று இருக்கும். 2014-இல் ஆப்ட் 1.0 வந்தபோதுதான், மனிதர்கள் கையால் அடிப்பதற்கென்று ‘ஆப்ட்’ என்ற சுருக்கமான கட்டளை வந்தது. இரண்டும் இன்றும் வேலை செய்கின்றன. ஸ்கிரிப்டுக்குள் எழுதுவதென்றால் ஆப்ட்-கெட், டெர்மினலில் உட்கார்ந்து அடிப்பதென்றால் ஆப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெப் கோப்புக்குள் மூன்றே உருப்படிகள்தான். வடிவத்தின் பதிப்பு எண்ணைச் சொல்லும் ஒரு சிறு கோப்பு ஒன்று. பேக்கேஜின் விவரமும் ஸ்கிரிப்டுகளும் அடங்கிய கண்ட்ரோல் கட்டு இன்னொன்று. நிறுவப்படும் கோப்புகள் உள்ள டேட்டா கட்டு மூன்றாவது. இதில் கவனிக்க வேண்டியது கண்ட்ரோல் கட்டில் உள்ள ஸ்கிரிப்டுகளை. நிறுவுவதற்கு முன்னும் பின்னும், நீக்குவதற்கு முன்னும் பின்னும் அவை ரூட் அதிகாரத்தில், அதாவது கணினியில் எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்தில், ஓடும். எங்கிருந்தோ வந்த ஒரு டெப் கோப்பை நிறுவினால், அதைத் தயாரித்தவருக்கு உங்கள் கணினியின் ரூட் அதிகாரத்தையே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

## படி 1: பட்டியலைப் புதிதாக்குங்கள்

சூடோ ஆப்ட் அப்டேட்

முன்னால் உள்ள சூடோ, கட்டளையை ரூட் அதிகாரத்தில் ஓட்டுவதற்கு. இந்தக் கட்டளை எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. களஞ்சியத்தில் இப்போது என்னென்ன பேக்கேஜ், எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கி வைக்கிறது. இதைச் செய்யாமல் நேராக நிறுவப் போனால், பழைய பட்டியலில் இருக்கும் கோப்பைத் தேடிப் போய் ‘404’ பிழையோடு திரும்பும். நிறுவும்போது வரும் 404-களில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டளையில் சரியாகிவிடும். மீதி, ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வருவது. அந்தப் பதிப்புகளின் பேக்கேஜ்கள் ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டிருக்கும்.

திரையில் ஓடும் வரிகளின் தொடக்கச் சொல்லைப் பாருங்கள். ‘ஹிட்’ என்றால் உங்களிடம் உள்ள பட்டியலே புதியது, ‘கெட்’ என்றால் புதிதாக இறக்கியது, ‘எர்’ என்றால் கிடைக்கவில்லை. ‘எர்’ வந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இன்னொரு பிழை ராஸ்பெரி பை 4 போன்ற பலகைகளில் அடிக்கடி வரும். களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஆப்ட் மறுக்கும். களஞ்சியத்தில் கோளாறு எதுவும் இருக்காது. அந்தப் பலகையில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் நேரம் பின்தங்கி நிற்கிறது. கணினியின் நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

களஞ்சிய முகவரி பூட்டுப் போட்ட இணைப்பாக இல்லாமல் வெறும் எச்டிடிபியாக இருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். ரிலீஸ் கோப்பில் கையொப்பம் இருக்கிறது. அதற்குள் பட்டியல் கோப்பின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண், இருக்கிறது. பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் கோப்பின் ஹாஷும் இருக்கிறது. வழியில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் ஆப்ட் நிறுவ மறுத்துவிடும். நீங்கள் என்ன இறக்குகிறீர்கள் என்பதை மற்றவர் பார்க்க முடியும், மாற்ற முடியாது.

## படி 2: தேடுங்கள், விசாரியுங்கள்

ஆப்ட் சர்ச் டெஸராக்ட்

இதற்கு சூடோ வேண்டாம். மொழிப் பேக்கேஜ்களே நூற்றுக்கு மேல் வரும். தமிழுக்கானது ‘டெஸராக்ட்-ஓசிஆர்-டேம்’ (டேம் என்பது டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்து). அதை நிறுவுவதற்கு முன் ‘ஆப்ட் ஷோ’ கொடுத்து விவரத்தைப் படியுங்கள். யார் பராமரிக்கிறார்கள், எவ்வளவு இடம் எடுக்கும், என்னென்ன சார்புகள் என்று எல்லாம் அதில் இருக்கும். எந்தக் களஞ்சியத்திலிருந்து எந்தப் பதிப்பு வரப்போகிறது என்று அறிய ‘ஆப்ட் பாலிசி’. ஒரே ஒரு களஞ்சியம் வைத்திருப்பவருக்கு இது தேவைப்படாது. வெளியாட்களின் களஞ்சியம் இரண்டு மூன்று சேர்த்தவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கட்டளை இல்லை.

## படி 3: நிறுவும் முன் சுருக்கத்தைப் படியுங்கள்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெஸராக்ட்-ஓசிஆர் டெஸராக்ட்-ஓசிஆர்-டேம்

நீங்கள் கேட்டது இரண்டு. பட்டியலில் அதைவிட அதிகமாகத் தெரியும். ஆங்கிலத் தரவு, பக்கத்தின் திசையைக் கண்டுபிடிக்கும் தரவு, படங்களைக் கையாளும் லெப்டோனிகா லைப்ரரி என்று சார்புகள் தாமாக வந்து சேர்கின்றன. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டவை ஆப்டின் கணக்கில் ‘மேனுவல்’ என்றும், கூட வந்தவை ‘ஆட்டோ’ என்றும் குறிக்கப்படும். பிற்பாடு நீக்கும்போது இந்தக் குறிப்புதான் உதவுகிறது.

கேள்வி கேட்டு நிற்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒய், சின்ன எழுத்தில் என் என்று இருக்கும். என்டர் தட்டினாலே ஆம் என்று ஆகிவிடும். அங்கே ஐந்து நொடி நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான இடம் இதுதான். சுருக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும்: புதுப்பிக்கப்படுபவை, புதிதாக வருபவை, நீக்கப்படுபவை, தொடப்படாமல் விடப்படுபவை. மூன்றாவது எண் பூஜ்யமாக இல்லாவிட்டால், எவை போகப்போகின்றன என்று மேலே போய்ப் பெயர் பெயராகப் படியுங்கள். டெபியன் 13-உடன் வந்த ஆப்ட் 3.0-இல் நீக்கப்படுபவை சிவப்பில் தெரியும். அதற்கு முந்திய பதிப்புகளில் எல்லாம் ஒரே நிறம்தான், கண்தான் தேட வேண்டும்.

2021 நவம்பரில் ஒரு பிரபல யூடியூபர், உபுண்டு வழி வந்த பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அந்த நேரத்தில் களஞ்சியத்தில் சார்புச் சிக்கல் ஒன்று இருந்தது. அதைத் தீர்க்க டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. ‘கணினிக்கு அத்தியாவசியமானவை நீங்கப்போகின்றன’ என்று எச்சரித்தது. தொடர வேண்டுமானால் ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழு வாக்கியமாக அடிக்கச் சொன்னது. அவர் அடித்தார். வரைகலைத் திரை போய்விட்டது. கேமரா முன் நடந்ததால் ஊரெல்லாம் பார்த்தது. அதன்பின், ‘ஆப்ட்’ கட்டளையில் அந்த வாக்கியம் கேட்கும் வழியையே எடுத்துவிட்டார்கள். இப்போது அத்தியாவசியமானதை நீக்க வேண்டுமானால் அதற்கென்று தனி விருப்பத்தேர்வைத் தேடிக் கொடுக்க வேண்டும். யாரைக் குறை சொல்வது என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. எச்சரிக்கை நூறு பேக்கேஜ் பெயர்களுக்கு நடுவே ஒரு பத்தியாக வந்தால் புதியவர் படிக்க மாட்டார் என்பதால், ஆப்டை மாற்றியது சரிதான் என்பது என் கருத்து.

சந்தேகமாக இருந்தால் ‘ஆப்ட் -எஸ் இன்ஸ்டால்’ என்று கொடுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும்.

நிறுவி முடித்ததும் ‘டெஸராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்’ கொடுத்தால் பட்டியலில் ‘டேம்’ தெரியும். படக் கோப்பின் பெயர், வெளியீட்டுப் பெயர், பிறகு ‘-எல் டேம்’ என்று கொடுத்தால் எழுத்துக் கோப்பு வந்துவிடும். பேக்கேஜ் எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்தது என்று பார்க்க ‘டிபிகேஜி -எல்’ என்று பெரிய எல் போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். எதிர்த்திசையில், ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜுடையது என்று கேட்க ‘டிபிகேஜி -எஸ்’, இதிலும் பெரிய எஸ். எங்கோ ஒரு விசித்திரமான கோப்பைப் பார்த்தால் அழிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தால் அது வேறு வழியாக உள்ளே வந்தது.

## படி 4: புதுப்பித்தல்

சூடோ ஆப்ட் அப்டேட்
ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்
சூடோ ஆப்ட் அப்கிரேட்

நடுவில் உள்ள கட்டளை கட்டாயமில்லை. ஆனாலும் சர்வரில் வேலை செய்பவர்கள் விடக்கூடாது. டேட்டாபேஸ் புதுப்பிப்பு வரிசையில் நிற்கிறது என்று தெரிந்தால், பகல் பதினொரு மணிக்குச் செய்யாமல் இரவுக்குத் தள்ளிவைக்கலாம்.

‘அப்கிரேட்’ எதையும் நீக்காது. ஒன்றை நீக்கினால்தான் இன்னொன்றைப் புதுப்பிக்க முடியும் என்ற நிலை வந்தால் அதை அப்படியே விட்டுவிடும். ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கும். தினசரிப் பயன்பாட்டுக்கு முதலாவதே போதும். உபுண்டுவில் சில பேக்கேஜ்கள் ‘ஃபேசிங் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டன’ என்று வரும். புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறார்கள். உங்கள் முறை வரும்போது தானாக வரும், வற்புறுத்த வேண்டாம்.

அப்கிரேட் நடுவில் ஒரு கேள்வி வந்து நிற்கலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் வைத்திருக்கிறீர்கள், அதன் அமைப்புக் கோப்பில் நீங்கள் சில வரிகள் மாற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய பேக்கேஜிலும் அந்தக் கோப்பு மாறியிருக்கிறது. டிபிகேஜி இரண்டையும் தானாகக் கலக்காது, உங்களைக் கேட்கும். ஒய் என்றால் புதிய கோப்பு. என் என்றால் உங்கள் கோப்பே இருக்கும். டி என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். இசட் என்றால் ஒரு ஷெல் திறந்து, நீங்களே போய்ப் பார்க்க விடும். வெறும் என்டர் தட்டினால் உங்கள் கோப்பே நிற்கும்.

முதலில் டி தட்டுங்கள். வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் என். அப்படிச் செய்தால் புதிய கோப்பு காணாமல் போய்விடாது. அதே அடைவில், பெயரின் கடைசியில் ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு உட்கார்ந்திருக்கும். ஒய் கொடுத்தால் உங்கள் பழைய கோப்பு ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்ற வாலோடு இருக்கும். எதைத் தேர்ந்தாலும் மற்றது கையில் இருப்பதால் பதற வேண்டியதில்லை. அப்கிரேட் முடிந்தபின் இரண்டையும் ஒப்பிட்டு, தேவையான புதிய வரிகளை மட்டும் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் மறுதொடக்கம் செய்யும் வரை ஓடுவது பழைய கெர்னல்தான். உபுண்டுவில் /வார்/ரன் அடைவில் ‘ரீபூட்-ரிக்வயர்ட்’ என்ற கோப்பு இருந்தால் மறுதொடக்கம் பாக்கி இருக்கிறது என்று பொருள். லைப்ரரிகளுக்கும் இதே கதைதான். குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் நினைவகத்தில் பழையதையே பிடித்து வைத்திருக்கும். ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற பேக்கேஜ் எந்தெந்த சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஒரு பேக்கேஜ் மட்டும் இப்போதைக்கு மாறக்கூடாது என்றால் ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போட்டுப் பெயரைக் கொடுங்கள். விடுவிக்க ‘அன்ஹோல்ட்’. ஹோல்ட் போட்டதை மறந்துவிடுவது சகஜம். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ அவ்வப்போது அடித்துப் பாருங்கள்.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ உபுண்டுவில் இயல்பாகவே இயங்குகிறது. அதை நிறுத்த வேண்டாம். புதியது எல்லாம் நல்லது என்று எண்ணி, சோதனைப் பதிப்புக்குத் தாவவும் வேண்டாம். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைக்கப்பட்ட ஒரு பின்கதவு அம்பலமானது. கண்டுபிடித்தவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். டெபியனின் நிலையற்ற பிரிவில் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைவது அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்து அவர் பிடித்தார். நிலையான டெபியனில் அந்தப் பதிப்புகள் வந்து சேரவே இல்லை. ‘டெபியனில் எல்லாமே பழசு’ என்று கேலி செய்பவர்களுக்கு அந்த வாரம் கொஞ்சம் கஷ்டமான வாரம்.

பெரிய பதிப்பு மாற்றம், அதாவது டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போவது, தனி வேலை. காப்புப் பிரதி எடுத்துவிட்டு, களஞ்சிய முகவரிகள் உள்ள சோர்ஸ் கோப்புகளில் ‘புக்வார்ம்’ (12-இன் பெயர்) என்று உள்ள இடங்களை ‘டிரிக்ஸி’ (13-இன் பெயர்) என்று மாற்றி, அப்டேட், அப்கிரேட், ஃபுல்-அப்கிரேட் என்ற வரிசையில் போக வேண்டும். வெளியாட்களின் களஞ்சியங்களை அதற்கு முன்பே நிறுத்திவையுங்கள். உபுண்டுவில் ‘டூ-ரிலீஸ்-அப்கிரேட்’ என்ற கட்டளை இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது.

## படி 5: நீக்குதல்

நீக்குவதில் இரண்டு அளவு உண்டு. ‘ரிமூவ்’ நிரலை எடுத்துவிட்டு, ஈடிசி அடைவில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அவற்றையும் எடுத்துவிடும். நாளைக்கு மறுபடி நிறுவுவோமோ என்ற சந்தேகம் இருந்தால் ரிமூவ். தலை முழுகுவதென்றால் பர்ஜ்.

‘பர்ஜ் செய்துவிட்டேன், இன்னும் ஈடிசிக்குள் என்ஜின்எக்ஸ் அடைவு இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். காரணம், அந்த அமைப்புக் கோப்புகள் ‘என்ஜின்எக்ஸ்’ பேக்கேஜுடையவை அல்ல. கூட வந்த ‘என்ஜின்எக்ஸ்-காமன்’ பேக்கேஜுடையவை. நீங்கள் பர்ஜ் செய்தது முதலாவதை மட்டும். ஆகவே:

சூடோ ஆப்ட் பர்ஜ் என்ஜின்எக்ஸ்
சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

‘ஆட்டோரிமூவ்’ என்பது, ஆட்டோ என்று குறிக்கப்பட்டு, இப்போது யாருக்கும் தேவைப்படாமல் நிற்பவற்றை எடுத்துவிடுவது. பழைய கெர்னல்களும் இதில்தான் போகும். கெர்னல்கள் இருக்கும் பூட் பிரிவு நிரம்பி அப்கிரேட் பாதியில் நிற்பவர்களுக்கு மருந்து இதுவே. ஆனால் பட்டியலைப் படிக்காமல் ஒய் தட்டாதீர்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்று எப்போதோ வேறொன்றுக்குச் சார்பாக வந்திருக்கலாம். இப்போது அதுவும் பட்டியலில் நிற்கும். அப்படி இருந்தால் ‘சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று அதன் பெயரோடு கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பர்ஜ் கூடத் தொடாத இடங்கள் உண்டு. உங்கள் ஹோம் அடைவில் மென்பொருள் எழுதிய அமைப்புகள் அப்படியே இருக்கும். உங்கள் வலைத்தளத்தின் கோப்புகளும் இருக்கும். மரியாடிபி போன்ற டேட்டாபேஸ் சர்வரைப் பர்ஜ் செய்யும்போது தரவையும் அழிக்கட்டுமா என்று தனியாக ஒரு கேள்வி வரும். பழக்கத்தில் ஆம் கொடுத்தால் திரும்பி வராது.

ரிமூவ் மட்டும் செய்தவற்றின் மிச்சத்தைப் பார்க்க ‘டிபிகேஜி -எல்’, இம்முறை சின்ன எல். வரியின் தொடக்கத்தில் ‘ஐஐ’ இருந்தால் ஒழுங்காக நிறுவப்பட்டது. ‘ஆர்சி’ இருந்தால் நிரல் போய் அமைப்புக் கோப்பு மட்டும் மிஞ்சியது. இறக்கிய டெப் கோப்புகள் தேங்கிக் கிடந்தால் ‘சூடோ ஆப்ட் கிளீன்’.

## களஞ்சியத்தில் இல்லாத மென்பொருள்

டெப் கோப்பாகக் கிடைத்தால்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்புப்பெயர்.டெப்

முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அது இல்லாவிட்டால் களஞ்சியத்தில் அந்தப் பெயரைத் தேடும். ‘டிபிகேஜி -ஐ’ என்று நிறுவினால் சார்புகள் வராது. இப்படி வந்த மென்பொருள் பதிவேட்டில் ஏறும், நீக்குவது எளிது. ஆனால் பேக்கேஜ் தானே ஒரு களஞ்சியத்தைச் சேர்த்திருந்தால் ஒழியப் புதுப்பிப்பு வராது.

நிறுவனங்கள் தரும் தனிக் களஞ்சியத்தைச் சேர்க்கும்போது கையொப்பச் சாவியை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். பழைய குறிப்புகள் ‘ஆப்ட்-கீ’ கட்டளையைச் சொல்லும். அதில் சேர்த்த சாவியை எல்லாக் களஞ்சியங்களுக்கும் ஆப்ட் நம்பிவிடும். டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே இல்லை. இப்போதைய முறைப்படி சாவி /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவுக்குள் இருக்க வேண்டும், களஞ்சிய விவரத்தில் ‘சைன்ட்-பை’ என்று அந்தச் சாவியைக் குறிப்பிட வேண்டும். அப்போது அந்தச் சாவி அந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லும். உபுண்டுவின் பிபிஏக்களும் (தனிநபர்கள் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியங்கள்) வெளியாட்களின் களஞ்சியங்கள்தான். வேண்டாமென்றால் ‘பிபிஏ-பர்ஜ்’ கருவி, அதிலிருந்து வந்தவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கே இறக்கிவிடும்.

டெபியனில் உபுண்டு களஞ்சியத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டும் உறவினர்கள்தான், ஆனால் லைப்ரரிப் பதிப்புகள் ஒத்துப்போகாது. நிலையான டெபியனில் கொஞ்சம் புதிய பதிப்பு வேண்டுமானால் அதற்கென்றே ‘பேக்போர்ட்ஸ்’ இருக்கிறது.

பைத்தான்காரர்களுக்கு ஒன்று. டெபியன் 12 முதல், கணினியின் பைத்தானில் நேராக ‘பிப் இன்ஸ்டால்’ செய்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்’ என்ற பிழை வந்து நின்றுவிடும். சில பதில்களில் ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ சேர்க்கச் சொல்வார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஒரு புராஜெக்டுக்கு என்றால் ‘வென்வ்’, தனிக் கருவி என்றால் ‘பிப்எக்ஸ்’.

மூலநிரலிலிருந்து தொகுத்து ‘மேக் இன்ஸ்டால்’ செய்தால் கோப்புகள் வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் போகும். பதிவேட்டுக்கு எதுவும் தெரியாது. தொகுத்த அடைவை அழித்துவிட்டால், ‘மேக் அன்இன்ஸ்டால்’ வசதி இருந்திருந்தாலும் கைவிட்டுப் போய்விடும். ஆகவே அந்த அடைவை வைத்திருங்கள். அல்லது ஒவ்வொரு மென்பொருளையும் தனி அடைவில் நிறுவி, ‘க்னூ ஸ்டோ’ கருவியால் இணைப்பு மட்டும் போடுங்கள்.

உபுண்டுவில் ஒரு விசித்திரம்: 22.04 முதல் ‘ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்’ என்று அடித்தாலும் வருவது ஸ்னாப். ஸ்னாப் என்பது ஆப்டுக்கு வெளியே இயங்கும் இன்னொரு பேக்கேஜ் முறை. அது தனிக் கணக்கு வைத்திருக்கிறது, தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது, நீக்க ‘ஸ்னாப் ரிமூவ்’ வேண்டும். ஆப்டில் தேடிக் கிடைக்காத மென்பொருளை ‘ஸ்னாப் லிஸ்ட்’, அதைப் போன்ற இன்னொரு முறையின் ‘ஃபிளாட்பேக் லிஸ்ட்’ இரண்டிலும் பாருங்கள்.

## நின்றுபோனால்

‘லாக் கிடைக்கவில்லை’ என்று வந்தால் வேறு ஏதோ ஒன்று இப்போது டிபிகேஜியைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலும் தானியங்கிப் புதுப்பிப்புதான். அந்த வரியிலேயே புராசஸ் எண் இருக்கும். சில நிமிடம் பொறுங்கள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடைக்கிறது. கேட்காதீர்கள். லாக் இல்லாமல் இரண்டு புராசஸ் ஒரே நேரத்தில் பதிவேட்டில் எழுதினால் பதிவேடே கெட்டுவிடும்.

நடுவில் மின்சாரம் போய் நின்றிருந்தால், இந்த வரிசையில்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது, பிரித்து வைத்து அமைக்காமல் விட்டவற்றை முடிக்கும். இரண்டாவது, குறையும் சார்புகளைக் கொண்டுவரும், அல்லது தீர்க்க முடியாததை நீக்கக் கேட்கும். இங்கேயும் சுருக்கத்தின் மூன்றாவது எண்ணை, நீக்கப்படுபவற்றின் எண்ணை, பாருங்கள். நேற்று என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் /வார்/லாக்/ஆப்ட் அடைவில் உள்ள ‘ஹிஸ்டரி.லாக்’ கோப்பில் தேதி, கட்டளை, பேக்கேஜ், பழைய பதிப்பு, புதிய பதிப்பு எல்லாம் எழுதியிருக்கும்.

## மற்ற யூனிக்ஸ் குடும்பங்களில்

ஃபெடோராவில் ‘டிஎன்எஃப்’. அதில் ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டு’ என்று கொடுத்து, செய்த மாற்றத்தைத் திருப்பிவிட முயலலாம். டெபியன்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி. ஆர்ச்சில் ‘பேக்மேன் -எஸ்ஒய்யு’, முதல் எஸ் மட்டும் பெரியது. பட்டியலை மட்டும் புதிதாக்கிவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை நிறுவும் அரைகுறைப் புதுப்பிப்பை ஆர்ச் ஆதரிப்பதில்லை, லைப்ரரிகள் முறைத்துக்கொள்ளும். ஆல்பைனில் ‘ஏபிகே ஆட்’, ‘ஏபிகே டெல்’. மேக்கில் 2009-இல் மேக்ஸ் ஹோவெல் தொடங்கிய ஹோம்புரூ. அங்கே சூடோ போடவே கூடாது.

ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்பும் நாம் சேர்க்கும் மென்பொருளும் வெவ்வேறு. சேர்ப்பவை எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள், ‘பிகேஜி இன்ஸ்டால்’, ‘பிகேஜி அப்கிரேட்’, ‘பிகேஜி டெலீட்’ வழியாக. அடிப்படை அமைப்புக்கு ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்’ என்ற தனிக் கருவி நெடுங்காலமாக இருக்கிறது. ‘பிகேஜி ஆடிட் -எஃப்’, இதில் எஃப் பெரியது, நிறுவியவற்றில் எவற்றுக்குப் பாதுகாப்புக் குறைபாடு அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று பெயரோடு பட்டியல் போட்டுத் தரும்.